அஞ்சிய நெஞ்சில் பாடம் ஏறுமா?

தை பிறந்துவிட்டது. டில்லியின் குளிர் இன்னும் விடவில்லை. பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வுகளோ நெருங்கிவிட்டன. இந்நாட்களில் நம் தமிழ்க் குடும்பங்களில் நடப்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தந்தை ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் அமர்ந்திருக்க, நடுவே பிள்ளை தலைகுனிந்து நிற்கும். “ஏன் குறைந்தது?” என்று கேள்வி எழும். பிள்ளை வாய் திறப்பதற்கு முன்னரே விடையும் கிடைத்துவிடும். விளையாட்டுப் புத்தி என்பார் ஒருவர். கைப்பேசியே காரணம் என்பார் மற்றொருவர். சோம்பல் என்றும், மூளை மந்தம் என்றும் உறவினர் தத்தம் கருத்தைச் சொல்வர்.

இவற்றுள் ஏதேனும் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் இன்னொரு காரணம் உண்டு. அதை நம்மில் மிகச் சிலரே எண்ணிப் பார்க்கிறோம். அது அச்சம். தேர்வுக்கு முதல் நாள் வந்து மறுநாள் மறையும் அச்சத்தை நாம் சொல்லவில்லை. இரவு படுக்கும்போதும் காலையில் எழும்போதும் உடனிருக்கும் அச்சத்தையே சொல்கிறோம். வன்முறையைக் கண்ட பிள்ளையிடமும், நிலையான கூரை இல்லாத பிள்ளையிடமும், வீட்டில் தினமும் சண்டையைக் கேட்கும் பிள்ளையிடமும் அது குடிகொண்டிருக்கிறது. அந்த அச்சம் பிள்ளையின் படிப்பை என்ன செய்கிறது என்பதே இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதை எழுதுவதற்கு நம்முடைய தவறு ஒன்றே காரணமாக அமைந்தது. ஆதலின் அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அன்பர்கள் சிலர் கூடிப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லித் தருகிறோம். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அங்கு வரும் சிறுவன் ஒருவனிடம் மாறுதலைக் கண்டோம். நான்காம் வகுப்புப் படிப்பவன். முன்பெல்லாம் வாய்ப்பாட்டைத் தங்குதடையின்றி ஒப்பிப்பான். இப்போது ஏழாம் வாய்ப்பாட்டில் நான்கு படி ஏறுவதற்குள் நின்றுவிட்டான். கேட்டதைத் திரும்பக் கேட்டான். வகுப்பு முடியும் வரை புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்க மறுத்தான். ஒருநாள் வெளியே சாலையைத் தோண்டும் இயந்திரம் ஒன்று உறுமியது. எவரிடமும் சொல்லாமல் எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டான்.

நாம் இதைக் குறும்பு என்று எண்ணினோம். நான்கு பேர் நடுவில் கண்டித்தோம். அதோடு நில்லாமல், “உங்கள் பிள்ளைக்குக் கவனம் இல்லை, வகுப்பில் அடங்குவதில்லை” என்று நோட்டில் எழுதி அவன் தந்தையின் கையொப்பம் வாங்கி வரச் சொன்னோம். அடுத்த ஞாயிறு கையொப்பத்துடன் வந்தான். அவன் முன்கையில் பிரம்பின் தடமும் இருந்தது.

அன்று அவனை அழைத்துச் செல்ல வந்த பாட்டி, ஓரமாக நின்று, “ஐயா, அவன் பையைக் கழட்ட மாட்டான். திட்டாதீங்க. வீட்டை இடிச்ச அன்னிக்கு அவனோட புஸ்தகம் நோட்டெல்லாம் உள்ளயே போயிடுச்சு. அதுலேருந்து தூங்கறப்பவும் பையைப் பக்கத்துலயே வெச்சுக்கிறான்” என்றார்.

நமக்கு நா எழவில்லை. இயந்திரத்தின் ஓசை கேட்டு அவன் ஏன் எழுந்து ஓடினான் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அச்சிறுவனின் வீடு இருந்த இடத்தைப் பற்றிச் சில சொற்கள். ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா வடிகாலின் கரையில் ‘மதராஸி காம்ப்’ என்ற குடியிருப்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வந்ததை டில்லித் தமிழர் அனைவரும் அறிவர். வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து பிழைத்த நம் மக்கள் கட்டிய குடிசைகள் அவை. வடிகாலின் அடைப்பை நீக்கி வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்ற காரணத்தால், டில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1-ஆம் நாள் அது இடிக்கப்பட்டது. அங்கே சுமார் 370 குடிசைகள் இருந்தன. அவற்றில் பாதிக்குச் சற்றே மேற்பட்ட குடும்பங்களே மாற்று வீடு பெறும் தகுதி உடையவை என்று கணிக்கப்பட்டன. அவ்வீடுகளும் நகரின் மறு கோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நரேலாவில் அமைந்தன. ஏனையோர் கிடைத்த இடத்தில் வாடகைக்குப் போயினர். சிலர் ஊர் திரும்பினர்.

வடிகாலைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. பிள்ளைகளின் கணக்கை மட்டுமே இங்கே பார்க்கிறோம். இடிப்பு ஒரே நாளில் முடிந்தது. ஆனால் வெளியேறச் சொல்லும் அறிவிப்பு 2024-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அன்று முதல் பெரியவர்கள் இரவில் கூடிப் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். ஒற்றை அறை வீட்டில், பிள்ளை உறங்குவதாக நினைத்துப் பெற்றோர் பேசிய பேச்சு அத்தனையும் அதன் காதில் விழுந்திருக்கும். நாளை வீடு இருக்குமா, பள்ளி இருக்குமா, உடன் விளையாடும் தோழன் எங்கே போவான் என்ற கேள்விகளோடு மாதக்கணக்கில் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். வீடு இடிந்தபோது கோடை விடுமுறை. ஜூலையில் பள்ளி திறந்தபோது பலருக்குப் பள்ளி எட்டாத தொலைவில் இருந்தது. அருகே இருக்கும் பள்ளியில் சேரலாம் எனினும், தமிழ் படித்து வந்த பிள்ளைக்கு அங்கே தமிழ் இல்லை. 1923-ஆம் ஆண்டு முதல் நம் முன்னோர் அரும்பாடுபட்டு வளர்த்த டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்றும் நரேலாவில் இல்லை.

இனி, அச்சம் உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இதை மனத்தின் பலவீனம் என்று கருதுவோர் உளர். அது முற்றும் தவறு. அச்சம் உடலின் வேலை.

தெருவில் ஒரு நாய் நம்மை நோக்கிப் பாய்ந்தால் என்ன நிகழ்கிறது? இதயம் படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கைகால் முறுக்கேறுகிறது. மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்ற ஓர் உறுப்பு ஆபத்தை உணர்ந்து மணி அடிக்கிறது. உடனே அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர்கள் குருதியில் கலந்து, ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடலை ஆயத்தம் செய்கின்றன. நாய் போய்விட்டால் எல்லாம் அடங்கிவிடும். இது இயற்கை நமக்கு அளித்த பாதுகாப்பு, இதனால் தீங்கில்லை.

ஆனால் நாய் போகாமல் வாசலிலேயே படுத்திருந்தால்? தினமும் குடித்துவிட்டு வரும் தந்தையின் காலடி ஓசையே அந்த நாயாக இருந்தால்? அப்போது அபாய மணி ஓய்வதே இல்லை. கார்ட்டிசால் அளவுக்கு மீறி நீண்ட காலம் சுரந்தால், நினைவைச் சேர்த்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பாதிக்கப்படுகிறது. நெற்றிக்குப் பின்னே இருந்து கவனத்தையும் பொறுமையையும் திட்டமிடுதலையும் ஆளும் மூளைப் பகுதி தளர்கிறது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நம் பெரியோர் சொன்னது உடற்கூற்று உண்மையே. அத்தகைய பிள்ளையின் காது ஆசிரியரின் சொல்லை விடக் கதவு சாத்தும் ஓசையைக் கூர்ந்து கேட்கும். ஒன்பதைப் பதினேழால் பெருக்க வேண்டிய மூளை, ஓடுவதற்கு வழி எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கும். அதனைக் கவனமில்லாத பிள்ளை என்கிறோம். உண்மையில் அதன் கவனம் முழுவதும் வேறொரு வேலையில் ஈடுபட்டிருக்கிறது.

இதற்குச் சான்று உண்டா என்று வாசகர் கேட்கலாம். அமெரிக்காவின் சிகாகோ நகரத்துப் பிள்ளைகளின் தேர்வு விவரங்களைப் பாட்ரிக் ஷார்க்கி என்ற சமூகவியலார் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார். தம் வீட்டின் அருகே ஒரு கொலை நிகழ்ந்து ஒரு வாரத்துக்குள் தேர்வு எழுத நேர்ந்த பிள்ளைகள், அதே வட்டாரத்தில் வேறு நாட்களில் தேர்வு எழுதிய பிள்ளைகளை விடச் சொல்லறிவிலும் வாசிப்பிலும் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தனர். அவர்கள் கொலையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அருகே நிகழ்ந்ததே போதுமானதாக இருந்தது.

சிகாகோவுக்குப் போவானேன்? நம் டில்லியே போதும். 1947-இல் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் அகதிகளாகத் தங்கிய குழந்தைகள் எத்தனையோ பேர். 1984 நவம்பரில் சீக்கியர் மீது நடந்த கொடுமையில், அரசின் கணக்குப்படியே டில்லியில் மட்டும் 2,733 பேர் மாண்டனர். கணவனை இழந்த பெண்கள் பலர் பிள்ளைகளோடு திலக் விஹாரில் குடியேற்றப்பட்டனர். அங்கே வளர்ந்த ஆண்பிள்ளைகள் பலர் படிப்பை இடையில் விட்டதும், சிலர் போதையில் வீழ்ந்ததும் செய்தியாளர் பலராலும் எழுதப்பட்ட சோகக் கதை. தாய்க்கு அரசு வேலையும் வீடும் கிடைத்த குடும்பங்களிலும் இது நேர்ந்தது. பணம் கொடுத்தோர் உண்டு. பிள்ளையின் நெஞ்சில் இருந்ததைக் கேட்டோர் அரியர். 2020 பிப்ரவரியில் வடகிழக்கு டில்லியில் மூண்ட கலவரத்தில் 53 உயிர்கள் போயின. சிவ விஹாரில் பள்ளிக் கட்டடங்களும் தாக்குதலுக்கு இரையாயின. அது பொதுத் தேர்வு நடந்துகொண்டிருந்த காலம். அப்பகுதியில் தேர்வுகளைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. சில வாரங்களில் கொரோனா ஊரடங்கும் வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அந்த மாணாக்கர் தம் அச்சத்தைப் பள்ளித் தோழரிடம் சொல்லிக்கொள்வதற்கும் வழியில்லாமல் போயிற்று.

‘இவை பெரிய கலவரங்கள், நம் வீட்டில் இவை ஏது?’ என்று அன்பர் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு இலங்கையில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல விரும்புகிறோம். போரையும் 2004-ஆம் ஆண்டின் ஆழிப் பேரலையையும் கண்ட வடகிழக்குத் தமிழ்ப் பிள்ளைகள் சுமார் 300 பேரைக் கிளாடியா கட்டானி என்பாரும் அவருடன் பணி செய்தோரும் ஆராய்ந்து 2008-இல் எழுதினர். பிள்ளைகளின் மனக்காயத்துக்குப் போரும் பேரலையும் காரணமாக இருந்தன. அவற்றோடு வீட்டில் பட்ட அடியும் காரணமாக இருந்தது. எந்த வீட்டில் தந்தை குடித்தாரோ அந்த வீட்டில் அடியும் மிகுதியாக இருந்தது. குண்டு விழுந்த ஊரிலேயே வீட்டு வன்முறை தனியே கணக்கில் ஏறும் அளவுக்குப் பிள்ளையைத் தாக்குகிறது என்றால், அமைதியான ஊரில் அதன் பங்கு எவ்வளவாக இருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் டில்லி உள்ளிட்ட 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டறிந்து 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூவரில் இருவர் அடி, உதை போன்ற உடல் துன்பத்துக்கு ஆளானதாகக் கூறினர். வீட்டில் அடிபட்டவர்களுள் மிகப் பலரை அடித்தவர்கள் பெற்றோரே. ஆகவே, ‘இது குடிசைப் பகுதியில் நடப்பது, நம் குவார்ட்டர்ஸில் இல்லை’ என்று எவரும் தம்மைத் தேற்றிக்கொள்ள வேண்டா. ஆர்.கே.புரத்திலும் சரி, மயூர் விஹாரிலும் சரி, அடுத்த வீட்டுச் சுவருக்கு அப்பால் கேட்கும் ஓசைகளை நாம் அறியோமா? கேட்டும் கேளாதவர் போல் தொலைக்காட்சியின் ஒலியை உயர்த்துகிறோம், அவ்வளவே.

‘அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று பழமொழி பேசுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகளை ஒருசேரத் தொகுத்து, 1,60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய விவரங்களை எலிசபெத் கெர்ஷாப் என்பாரும் அவர் துணைவரும் 2016-இல் வெளியிட்டனர். அடித்து வளர்த்த பிள்ளைகள் அதனால் நல்லொழுக்கம் பெற்றதாக அதில் தெரியவரவில்லை. முரட்டுத்தனமும் மனத்துயரும் மிகுந்திருந்ததும், பெற்றோரிடம் ஒட்டுதல் குறைந்திருந்ததுமே தெரியவந்தன. பள்ளியில் அடிப்பதை டில்லி உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே கூடாது என்று தீர்ப்பளித்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை வருத்துவதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் நாடு முழுவதற்கும் தடுத்திருக்கிறது. நாம் நான்கு பேர் நடுவில் அச்சிறுவனைக் கண்டித்ததும் மனத்தைப் புண்படுத்தியதே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

மனைவியை அடிக்கும் கணவன் பிள்ளையைத் தொடுவதில்லை என்று பெருமை பேசுவதும் உண்டு. தாய் அடிபடுவதைக் காணும் பிள்ளையும் அடிபட்ட பிள்ளையே. பிள்ளைக்குத் தாயே அரண். அந்த அரண் நடுங்குவதைக் கண்ட பிள்ளைக்கு வேறு புகலிடம் ஏது?

அச்சத்தில் வாழும் பிள்ளை, ‘எனக்கு அச்சமாக இருக்கிறது’ என்று சொல்வதில்லை. அதற்குச் சொல்லத் தெரியாது; சொன்னால் வீட்டு மானம் போகும் என்ற எண்ணமும் அதற்கு உண்டு. ஆதலால் பெரியோர்தாம் குறிப்பறிய வேண்டும். படுக்கையை நனைக்கும் வழக்கம் விட்டுப் போன பிள்ளை மீண்டும் நனைக்கும். பள்ளி செல்லும் காலையில் வயிற்றுவலி என்னும். மருத்துவர் பார்த்தால் ஒன்றும் இராது. இரவில் விழித்திருந்து வகுப்பில் உறங்கும். சிறு ஓசைக்கும் திடுக்கிடும். தாயின் முந்தானையை விடாது. சற்று வளர்ந்த ஆண்பிள்ளை தோழர்களிடம் கைநீட்டும். பெண்பிள்ளையோ பெரும்பாலும் வாயடைத்துப் போகும். அது அடக்கம் என்று நாம் மெச்சிக்கொண்டிருப்போம். இன்னொரு வகையும் உண்டு. வீட்டில் மூத்த பெண், தம்பி தங்கையரைச் சண்டையிலிருந்து மறைத்து, சோறூட்டி, உறங்கவைத்து, தாய்க்குத் தாயாகிவிடுவாள். ‘பொறுப்பான பெண்’ என்று உற்றார் புகழ்வர். அவள் படிப்பு சிறுகச் சிறுகக் கைநழுவிப் போவதை எவரும் பார்ப்பதில்லை.

இவற்றுள் ஒன்றைக் கண்டவுடன் பதற வேண்டா. பல குறிகள் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால், மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பற்றி எண்ணத் தொடங்க வேண்டும்.

இதுவரை சொன்னவற்றால் வாசகர் உள்ளம் சோர்ந்திருக்கும். ஆனால் இப்பொருளில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அதைச் சொல்வதற்காகவே இத்தனையும் சொன்னோம். பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயியில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையார் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார். வறுமை, குடி, பெற்றோரின் பிணக்கு, மனநோய் ஆகிய கேடுகளின் நடுவே வளர்ந்த பிள்ளைகளைத் தனியே எடுத்துப் பார்த்தார். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையில் ஆளாகியிருந்தனர். அவர்கள் எப்படித் தப்பினர்? பாட்டியோ, சித்தியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, மாறாத அன்புடன் துணை நின்ற பெரியவர் ஒருவரேனும் அவர்களுக்கு வாய்த்திருந்தனர்.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது, ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டும் டாரத்தி பர்லிங்ஹாமும் இதையே வேறு வகையில் கண்டனர். குண்டோசையை விடத் தாயைப் பிரிந்ததே குழந்தைகளை மிகுதியாக உலுக்கியது. தாய் அருகே அமைதியாக இருந்தவரை, குழந்தை பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. ஆபத்தை நம்மால் எப்போதும் தடுக்க முடியாது. ஆபத்தில் பிள்ளையைத் தனியே விடாதிருக்க நம்மால் முடியும்.

ஆகவே, பெற்றோருக்கும் மற்றோருக்கும் நாம் பணிவுடன் சொல்பவை இவை.

முதலாவது, ஒழுங்கு. வீடு மாறினாலும், வருமானம் குறைந்தாலும், உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் மாறாதிருக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதே அஞ்சிய பிள்ளைக்குப் பாதி மருந்து.

இரண்டாவது, உண்மை. வீட்டில் நேர்ந்திருக்கும் இடரை வயதுக்கு ஏற்ற அளவில் பிள்ளையிடம் சொல்லிவிடுவது நன்று. ‘வீடு மாற வேண்டியிருக்கிறது; எங்கே என்று இன்னும் தெரியவில்லை; எங்கே போனாலும் நாம் எல்லோரும் சேர்ந்தே போவோம்’ என்று சொன்னால் போதும். சொல்லாது மறைத்தால் பிள்ளை தானே கற்பனை செய்துகொள்ளும். அக்கற்பனை உண்மையை விடக் கொடியது.

மூன்றாவது, படிப்பைத் துண்டு துண்டாகக் கொடுப்பது. இரண்டு மணி நேரம் உட்கார் என்று கட்டாயப்படுத்துவதை விடப் பதினைந்து நிமிடம் படிக்கவைத்து, எழுந்து ஓடியாடவிட்டு, மீண்டும் அழைப்பது பயன் தரும். தெரிந்த கணக்கில் தொடங்கித் தெரியாததற்குப் போக வேண்டும். ‘என்னால் முடிந்தது’ என்ற உணர்வு அச்சத்துக்கு மாற்று.

நான்காவது, ஆசிரியரிடம் சொல்லிவைப்பது. வீட்டுச் செய்தி வெளியே போவதா என்று தயங்க வேண்டா. விவரம் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. ‘பிள்ளைக்கு இது கடினமான காலம்’ என்ற ஒரு வாக்கியம் போதும். நம்மிடம் எவரேனும் அந்த ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அல்லது நாமே கேட்டிருந்தால், அந்தப் பிள்ளையின் கையில் பிரம்பு பட்டிராது.

ஐந்தாவது, உதவி கேட்க வெட்கப்படாதிருப்பது. 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மனஸ் மனநலச் சேவை இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். குழந்தைக்கு இன்னல் என்றால் 1098. வீட்டில் அடிபடும் பெண்களுக்கு 181. அவர்களைக் காக்க 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. இந்த எண்களை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிவைக்குமாறு தாய்மார்களை வேண்டுகிறோம்.

பெற்றோரின் துன்பத்தையும் நாம் மறந்தோமல்லோம். அச்சிறுவனின் தந்தையைப் பிறகு நாம் சென்று கண்டோம். கொடியவர் அல்லர். வாடகை கொடுத்து மீதமுள்ளதில் குடும்பம் நடத்தும் மனிதர். வீடு போன நாளிலிருந்து தாமும் உறங்காதவர். “படிப்பு ஒண்ணுதான் ஐயா இவனுக்குன்னு நான் கொடுக்க முடிஞ்சது. அதுவும் போயிடுமோன்னு பயந்துட்டேன்” என்றார். மகனை வருத்திய அச்சமே தந்தையின் கையில் பிரம்பைக் கொடுத்திருந்தது. நம் குறிப்போ அதற்குத் தூண்டுகோல் ஆயிற்று. அவரிடமும் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். இனி நோட்டில் குறை எழுதி அனுப்புவதில்லை என்றும், சொல்ல வேண்டியதை நேரில் வந்து சொல்வதென்றும் வாக்களித்தோம்.

அதன்பின் நாம் செய்தது அதிகமில்லை. வாசலுக்கு அருகே, வெளியே பார்க்கக்கூடிய ஓர் இடத்தை அவனுக்கென்று ஒதுக்கினோம். பை முதுகிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். சாலையில் இயந்திரம் வரும் ஞாயிறுகளில் முன்கூட்டியே சொல்லி, அவனையும் அழைத்துச் சென்று, அது எதைத் தோண்டுகிறது என்று காட்டினோம். வாரந்தோறும் அதே அன்பர் அதே இடத்தில் அமர்ந்து அவனுக்குச் சொல்லித் தந்தார். மார்கழியில் ஒரு நாள், எவரும் சொல்லாமலே பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். அதைக் கண்டும் காணாதவர் போல் இருந்துவிட்டோம். ஏழாம் வாய்ப்பாடு இன்னும் முழுமையாக வரவில்லை. ஒன்பதாம் படி வரை வந்திருக்கிறது.

அந்த அன்பரைப் போல ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்கள் நமக்குத் தேவை. பெரிய படிப்பு வேண்டா. ஒவ்வொரு வாரமும் தவறாமல் வர வேண்டும் என்பதே ஒரே தகுதி. இரண்டு வாரம் வந்து மூன்றாம் வாரம் நின்றுவிடுவதாயின் வராதிருப்பதே மேல். இந்தப் பிள்ளைகள் பிரிவைப் போதுமான அளவு கண்டுவிட்டனர். நரேலாவில் உள்ள நம் குடும்பங்களுக்காக அங்கேயே ஒரு ஞாயிறு வகுப்புத் தொடங்கவும் எண்ணியிருக்கிறோம். அப்பக்கத்தில் வசிக்கும் அன்பர்கள் சங்க அலுவலகத்தில் தங்கள் பெயரைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

மதிப்பெண் பட்டியலுக்கு வருவோம். அடுத்த முறை குறைந்த எண்ணைக் கண்டு சினம் எழும்போது, ‘ஏன் குறைந்தது?’ என்று கேட்பதற்கு முன்னால், ‘உனக்கு என்ன ஆயிற்று?’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். விடை உடனே வராது. காத்திருங்கள், பிள்ளை சொல்லும்.